மட்டை பிடிக்கக் கற்றுக்கொண்டவள்

கிரிக்கெட் மட்டைக்கு அவள் வைத்திருந்த பெயர் சக்களத்தி. இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது புருஷன் வீட்டில் தங்கியிருந்தால் அந்தப் பெயரை வைத்திருக்கமாட்டாள். விடிந்ததும் மட்டையும் கையுமாகக் கிளம்பிவிடுவார். பொழுது சாயும்போது வெள்ளைப் பேண்ட்டெல்லாம் மண்ணாக வந்து நிற்பார். ஆறு நாள் சட்டைக் கம்பெனியில் உட்கார்ந்து காலர் தைக்கிறவள், ஏழாவது நாள் அந்த மண் துணியோடு மல்லுக்கட்டினால் எரிச்சல் வராதா? மைதானத்துப் பக்கம் அவள் தலைவைத்துப் படுத்ததில்லை.

அவர் அச்சகத்தில் காகிதம் வெட்டுகிறவர். அந்த இயந்திரத்தில் இரண்டு பொத்தான்களை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் கத்தி இறங்கும். கை மாட்டிக்கொள்ளாமலிருக்க அப்படி ஓர் ஏற்பாடு. ஒரு ஞாயிறு மைதானத்திலேயே சுருண்டு விழுந்தார். பக்கவாதம். பேச்சு போனது, வலது கையும் போனது. இடது கை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒற்றைக் கையோடு அந்த இயந்திரத்தின் முன் போய் நின்று என்ன பிரயோஜனம்? பார்க்க வந்த கூட்டாளிகளை அவள் வாசலிலேயே நிறுத்தினாள்.

"ஆடினது போதும். ஆளை விடுங்க."

அதன்பிறகு ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

கை பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வந்துபோனாள். "முதல் மூணு மாசம்தாம்மா முக்கியம். அதுக்குள்ள விரல் மடங்கினா உண்டு. அவர் கைக்குப் பழக்கமான சாமான் எதையாவது பிடிக்கக் குடுங்களேன்" என்றாள். வேறு எதைக் கொடுப்பது? பல்லைக் கடித்துக்கொண்டு சக்களத்தியை எடுத்துவந்தாள்.

எதையும் அரைகுறையாகச் செய்வது அவளுக்கு ஆகாது. கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் வீடியோ பார்த்தாள். வீட்டுக்கு வந்து துடைப்பக்கட்டையைப் பிடித்துப் பழகினாள். இடது கை மேலே, வலது கை கீழே. இரண்டும் ஒட்டியிருக்க வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் மடிப்பு, இரண்டு கையிலும் ஒரே கோட்டில் விழ வேண்டும். காலரின் இரண்டு முனையும் நேராக வருகிற மாதிரிதானே என்று நினைத்துக்கொண்டாள். நாலே நாளில் பிடி கைவந்துவிட்டது.

அவரை நாற்காலியில் உட்காரவைத்து, மட்டையை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி, விரல் விரலாக எடுத்து வைத்தாள். மேலே வைத்த இடது கை சும்மா இருக்குமா? உடனே நழுவிக் கீழே இறங்கும். அவள் திரும்ப மேலே ஏற்றுவாள். அது திரும்ப இறங்கும். இறங்கிய வேகத்தில் மட்டை சாய்ந்து தரையில் விழும். அவர் தொண்டைக்குள்ளேயே உறுமுவார்.

"வேணும்னே பண்றீங்களா? யாருக்காக நான் இந்தப் பாடு படறேன்?"

ஆறு வாரம் இதே கூத்து. ஒருநாள் வேலைக்கு நேரமாகிவிட்டது, பொறுமையும் போய்விட்டது. இறங்கிய கையின் மேல் பட்டென்று ஓர் அடி வைத்தாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பயிற்சிக்காரப் பெண்ணும், "அவருக்கே இஷ்டமில்லன்னா நாம என்னம்மா பண்ண முடியும்?" என்று வரவைக் குறைத்துக்கொண்டாள். மட்டை பரணுக்குப் போனது.

மூன்று மாதக் கெடு தாண்டி இருபது நாள் இருக்கும். சோடாபுட்டி வந்தான். அணியின் விக்கெட் கீப்பர். தடித்த கண்ணாடி போட்டவன். மைதானத்து அறையில் கிடந்த அவருடைய பையைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவன், செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றான். இந்த முறை அவள் உள்ளே வரச்சொன்னாள். யாரிடமாவது கொட்டித் தீர்க்க வேண்டும்போல் இருந்தது.

"உங்க அண்ணனுக்கு எவ்வளவு பிடிவாதம் பாருங்க" என்று பரணிலிருந்து மட்டையை இறக்கினாள். இடது கை மேலே, வலது கை கீழே. "இப்படிப் பிடிங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கையை வச்சாத்தானே?"

சோடாபுட்டி அவள் கைகளையே பார்த்தான்.

"அண்ணி, அது வலதுகைக்காரங்க பிடிக்கிறது. அண்ணன் இடதுகை ஆட்டக்காரர். அவருக்கு வலது கை மேல, இடது கை கீழ."

"என்ன சொல்றீங்க? சாப்பிடறது, எழுதறது எல்லாம் வலது கையாலதானே?"

"மட்டை மட்டும் அந்தப் பக்கம், அண்ணி. ஆரம்பத்திலேர்ந்தே அப்படித்தான்." பிறகு, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல்தான் கேட்டான்: "நீங்க ஒரு ஆட்டம்கூடப் பாத்ததில்லையா?"

அவள் மட்டையை அவனிடம் நீட்டினாள்.

சோடாபுட்டி மட்டையை வாங்கி அவர் முன்னால் நிறுத்தினான். யாரும் சொல்லாமலே இடது கை வந்து கீழே தன் இடத்தைப் பிடித்தது. வலது கையை எடுத்து அதற்கு மேலே வைத்தான். நாற்காலியில் சரிந்து கிடந்த மனுஷர் தோளை நிமிர்த்தினார், தாடை உயர்ந்தது. வலது கையின் சுண்டுவிரல் மட்டும் லேசாக அசைந்தது. மற்ற விரல்கள் வைத்தது வைத்தபடியே கிடந்தன.

மறுநாள் ஓடிப்போய்ச் சொன்னபோது பயிற்சிக்காரப் பெண் உடனே வந்து பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினாள். "செஞ்சுக்கிட்டே இருப்போம்மா" என்றாள். காலம் கடந்துவிட்டது என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

பயிற்சிக்காரப் பெண் போய்விட்டாள். ஆறு வாரமும் அந்தக் கை ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அதைப் பிடிவாதம் என்று அடித்தவள் இவள். அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து, அடிபட்ட அந்த இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பொண்டாட்டிக்கு இதுகூடத் தெரியலையேன்னு நினைச்சீங்களா?"

இல்லை என்று தலையாட்டுவார் என்றுதான் நம்பினாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியது. பிறகு மெதுவாக, ஆமாம் என்று தலையை அசைத்தார்.