கருமாதிக்கு ஒரு பன்னீர் சோடா

குடியை நிறுத்த உதவுகிற எங்கள் வேலையில், வந்த ஆள் திரும்பி வந்தால் அது தோல்வி; வராமலே போனால் உயிரோடு இருக்கிறாரா என்று போய் விசாரிக்க வேண்டும்.

செங்கல்பட்டில் நாளிதழ் நிருபராக இருந்தவள் நான். அந்த வேலை போன பிறகு, திருவிடந்தைக்குப் பக்கத்துக் குப்பம் ஒன்றில் குடிக்கிறவர்களின் வீட்டாரைச் சனிக்கிழமைதோறும் கூட்டிவைத்துப் பேசும் வேலைக்கு வந்தேன். வலை உலர்த்தும் கொட்டகை, சில பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு ஃபிளாஸ்க் டீ, அவ்வளவுதான் அலுவலகம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் இதில் எதுவும் உங்களுக்குப் புதிதல்ல. தெருமுனையில் செருப்புச் சத்தம் கேட்டதுமே இன்றைக்கு எந்த மாதிரி நாள் என்று சொல்லிவிடக்கூடியவர்கள் நீங்கள்.

பொடி

முதலில் வந்தது ஏழுமலை என்ற மீனவனின் அம்மா. திருப்போரூரில் யாரோ விற்ற பொடி ஒன்றை வாங்கி, மகனுக்குத் தெரியாமல் மீன் குழம்பில் கலந்துகொண்டிருந்தார். குடித்துவிட்டுச் சாப்பிட்டால் வாந்தி வரும், நாலு தடவை வந்தால் வெறுத்துப்போய் விட்டுவிடுவான் என்று விற்றவர் அடித்துச் சொன்னாராம். வாந்தி மட்டும் சொன்னபடி வந்தது. விஷயம் தெரிந்த மருமகள் தேவகி, பொடியைப் பிடுங்கிக் கடலில் கொட்டிவிட்டு, மாமியாரையும் கணவனையும் கூட்டத்துக்கு இழுத்து வந்தாள்.

பொடியால் ஏதாவது பலன் இருந்ததா என்று ஏழுமலையைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். "இருந்திச்சிக்கா. அம்மா கொழம்ப வுட்டுட்டேன்" என்றான்.

கயிறு

இன்ன காலம் வரை தொடமாட்டேன் என்று சாமி முன்னால் சொல்லி மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொள்வது எங்கள் பக்கத்தில் உண்டு. ஏழுமலையும் கட்டிக்கொண்டான். பங்குனி வரை என்று கெடு. அதுவரை ஒரு சொட்டுத் தொடவில்லை. கல்யாணத்தில் தொடவில்லை, திருவிழாவில் தொடவில்லை. அவன் அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கெடு முடிந்த நாளில் தேவகி எறா வாங்கிச் சமைத்துவைத்திருந்தாள். கோயிலில் கயிற்றை அவிழ்த்தவன் வீடு வந்து சேரவில்லை. மறுநாள் கேட்டதற்கு அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. "கயிறு கட்டிகினு இருக்கசொல்ல சாமி பாத்துகினே இருந்திச்சிக்கா. அவுத்ததும் அதுவும் அது வூட்டுக்குப் பூட்ச்சி போல."

மச்சான்

மறுபடி குடித்து, ரத்த வாந்தி எடுத்துக் கண் மஞ்சளாகிக் கிடந்த ஏழுமலையைத் தன் ஷேர் ஆட்டோவில் போட்டுக்கொண்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் சேகர், தேவகியின் அண்ணன். திருப்போரூர் ரூட்டில் வண்டி ஓட்டுகிறவன். ஏழுமலை வார்டில் இருந்தவரை வண்டியை எடுக்கவே இல்லை. கட்டிலுக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்தான். மச்சானுக்கு முகம் மழித்துவிட்டான், கஞ்சி ஊட்டினான். கூடப் பிறந்தவர்கள்கூட இப்படிச் செய்து நான் அதிகம் பார்த்ததில்லை.

அனுப்பிவைக்கும்போது டாக்டர் ஏழுமலையிடம் பேசவில்லை, சேகரிடம்தான் பேசினார். "கல்லீரல் இதுக்கு மேல தாங்காதுப்பா. மறுபடி ஆரம்பிச்சா இவரை இங்க கூட்டிட்டு வர உனக்கு நேரம் இருக்காது."

டீ

வார்டிலிருந்து வந்த வாரம் ஏழுமலை என்னிடம் தனியாக ஒன்று கேட்டான்: தடுமாற்றம் வந்தால் என்ன செய்வது? எல்லோருக்கும் சொல்வதைத்தான் அவனுக்கும் சொன்னேன். உன் புத்தி இப்போதைக்கு உன் பக்கம் இல்லை, தேவகி சொல்வதை மட்டும் கேள். அவன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். படகு கரையேறியதும் தேவகி மீன் கூடையோடு எதிரே நின்று "ஊது" என்பாள். நாலு பேர் பார்க்க, இந்தப் பெரிய மனுஷன் அவள் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதுவான். அவள் தலையாட்டிய பிறகுதான் வலையை உதறப் போவான். இப்படியே மழைக்காலம் போய் வெயில் காலமும் வந்தது.

படகில் கூட வருகிறவர்கள் மீன் ஏலம் முடிந்ததும் சேர்ந்து குடிப்பார்கள். ஏழுமலை பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தான். முதலில் கேலி செய்தார்கள். பிறகு கேலியும் நின்றது. ஒருநாள் வேறு படகு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். ஏழுமலையையும் கூட்டிக்கொண்டு, ஏன் என்று நானே போய்க் கேட்டேன். அவர்களில் மூத்தவன் ஏழுமலையைப் பார்த்தே பதில் சொன்னான்: "நாங்க பேசினது எங்களுக்கு மறந்துபூடும், அண்ணாத்த. உனக்கு மறக்க மாட்டேங்குது. அது எங்களுக்குத் தோதுப்படல."

கூடுவாஞ்சேரி

வேறு படகு கிடைத்தது. எங்கள் கொட்டகையில் டீ ஊற்றிக் கொடுக்கும் வேலையையும் ஏழுமலை தானாகவே எடுத்துக்கொண்டான். அங்கே வருகிற பெண்கள் என் பேச்சைக் கேட்க வந்தார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வந்தது அவனைப் பார்க்க. கேட்டதையெல்லாம் செய்தும் கணவன்மார் குடிப்பதை நிறுத்தாத பெண்கள் நடுவே, நிறுத்திய ஒரே ஆள் கையில் ஃபிளாஸ்க்கோடு நடமாடிக்கொண்டிருந்தான்.

மாலதி என்ற பெண் கூடுவாஞ்சேரியிலிருந்து பஸ் மாறி வருவார். கணவருக்கு ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. ஏழுமலை டீ கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். "இவர் விட்டிருக்காரே, அப்ப முடியும்தானே மேடம்?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பார். உங்கள் பக்கத்திலேயே இப்படி ஒரு கூட்டம் தொடங்கலாமே, இவ்வளவு தூரம் ஏன் அலைகிறீர்கள் என்றேன். "எங்க அபார்ட்மென்ட்ல யாருமே குடிக்கிறதில்ல மேடம். எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கோம்."

முறை

ஏழுமலையின் அம்மா இறந்துபோனார். மகன் தெளிவாக இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இந்தக் குப்பத்து முறைப்படி, கருமாதி முடிந்ததும் மச்சான் முறையுள்ளவர் துக்க வீட்டு ஆண்களுக்குச் சரக்கு ஊற்றிக் கொடுக்க வேண்டும். அதை வாங்கிக் குடித்தால்தான் துக்கம் கழிந்ததாக ஊர் ஒப்புக்கொள்ளும். மச்சான் என்றால் இங்கே சேகர். கட்டிலுக்குக் கீழே படுத்துக் காப்பாற்றியவன் கையால்தான் ஊற்றியாக வேண்டும். கொட்டகையில் உட்கார்ந்து யோசித்தோம். மற்றவர்களுக்கு எப்போதும்போல, ஏழுமலைக்கு மட்டும் கண்ணாடி கிளாஸில் பன்னீர் சோடா என்று முடிவானது. யோசனை தேவகியுடையது. பிரமாதம் என்றவள் நான்.

கடற்கரையில் மொட்டை அடித்து, கோடித் துணியோடு ஏழுமலை பந்தலில் வந்து உட்கார்ந்தான். சேகர் கிளாஸை நீட்டினான். பக்கத்தில் இருந்த ஏழுமலையின் சித்தப்பா அதை வாங்கி மோந்து பார்த்தார். "இன்னாடா இது, பன்னீர் சோடா! செத்தது இவனப் பெத்தவளா, பக்கத்தூட்டுப் பூனையா?" சிரித்தார்கள். டாக்டர் சொன்னதைச் சேகர் சொல்லிப் பார்த்தான். அது யார் காதிலும் ஏறவில்லை. "எங்க வூட்டுக்குப் பொண்ணு குடுத்தீங்களே, மொற சொல்லிக் குடுத்தாங்களா உங்க வூட்ல? ஆட்டோ ஓட்றவனுக்கு சோடாதான் வரும்" என்றார் சித்தப்பா. சேகர் தலையைக் குனிந்துகொண்டான்.

பெண்கள் பக்கம் என்னோடு உட்கார்ந்திருந்த தேவகி எழுந்தாள். தடுக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். கரையில் கூடையோடு நிற்பாளே, கிட்டத்தட்ட அதே தூரத்தில் போய் அவன் எதிரே நின்றாள். "ஒரே ஒரு வாய் வாங்கிக்கய்யா. எங்கண்ணன் மானம் போவுது." ஏழுமலை கிளாஸைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான். நான் நாற்காலியை விட்டு எழுவதற்குள் சேகர் ஊற்றிவிட்டான். ஏழுமலையும் குடித்துவிட்டான்.

துக்கம் கழிந்தது. அதன் பிறகு பங்காளிகளோடு எழுந்து போனவனை மறுநாள் கரையில் ஒரு படகின் நிழலில் கண்டுபிடித்தேன். என்னைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நிற்கப் பார்த்தான், முடியவில்லை. "தேவகி சொல்றத மட்டும் கேளுன்னு நீதானக்கா சொன்ன. கேட்டேன்."

ஃபிளாஸ்க்

அடுத்த சனிக்கிழமை மாலதி வந்ததும், டீ கொடுக்கிற அண்ணன் எங்கே என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. அவர் சுற்றி எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கூட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. நாங்களாவது ஒருவருக்கொருவர் உண்மை சொல்கிறவர்கள் என்று நம்பி அத்தனை தூரம் வந்தவர்.

சேகர் உள்ளே வருவதில்லை. சவாரியை விட்டுவிட்டுக் கொட்டகைக்கு வெளியே, செங்கல்பட்டுப் பக்கம் முகம் வைத்து ஆட்டோவை நிறுத்திக் காத்திருக்கிறான். ஏழுமலையின் கண் மறுபடி மஞ்சளாகிவிட்டது. ஆட்டோவில் ஏறச் சொன்னால் ஏற மறுக்கிறான்.

தேவகி மட்டும் வாரம் தவறாமல் வருகிறாள். ஃபிளாஸ்க் இப்போது அவள் கையில். நேற்று கடைசி டீயை எனக்கு ஊற்றும்போது கேட்டேன், இப்போதும் கரையில் நின்று ஊதச் சொல்கிறாயா என்று. மூடியை நிதானமாகத் திருகினாள். "மோந்து பாத்து இன்னாக்கா ஆவப் போவுது? குடிக்கச் சொன்னவளே நான்தானே."

இத்தனை வருஷ அனுபவத்தில், குடியை விட்டிருந்தவர்களில் ஒருவர்கூட எதிரி ஊற்றிக் கொடுத்து மறுபடி தொடங்கியதாக எனக்கு நினைவில்லை.