நாலாவது ஆளாக நின்ற கன்றுக்குட்டி

பிலிம் றோல் முடிந்ததும் அதன் நுனியில் இருக்கிற ஒட்டுக் கடதாசியை நாக்கால் நனைத்துத்தான் ஒட்ட வேணும். அந்தப் பசையின் ருசி... கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் கசப்பு. அறுபது வருஷத்துக்குப் பிறகும் நாக்கிலேயே நிற்கிறது.

அப்போது நான் விசுவமடுவில் புது ரீச்சர். இருபத்திரண்டு வயது. கொழும்பில் வேலை பார்த்த சித்தப்பா தந்த பழைய பெட்டிக் கமரா ஒன்று என்னிடம் இருந்தது. அதை வயிற்றோடு அணைத்துப் பிடித்து, குனிந்து, மேலே உள்ள சின்னக் கண்ணாடியில் பார்க்க வேணும். இடம் வலமாகத் தெரியும். ஒரு றோலுக்கு எட்டே எட்டுப் படம்தான்.

அந்த எட்டில் ஏழை ஆனையிறவில் கொட்டிவிட்டு வந்தேன்!

என்னோடு படிப்பித்த றோசலினும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனோம். உப்புக் குவியலுக்கு முன்னால் அவளை நிற்கவைத்து இரண்டு படம். தூரத்தில் தண்ணீரில் நின்ற பூநாரைகளை ஐந்து படம். பெரிய படப்பிடிப்பாளர் என்று எனக்கு ஒரே நினைப்பு. கழுவி வந்தபோது பூநாரை ஒன்றையும் காணவில்லை, ஐந்திலும் வெறும் புள்ளிகள்தான்.

மிச்சம் இருந்த அந்த ஒரு படத்தில்தான் எல்லாம் வந்து நின்றது.

நான் தங்கியிருந்தது மகேசக்கா வீட்டில். அவா யாழ்ப்பாணத்தில் பிறந்து, தன் விருப்பத்துக்கு மணியண்ணையைக் கட்டிக்கொண்டு இங்கே வயல் செய்ய வந்தவ. அந்தக் கோபத்தில் அவவின் தமையனோடு மூன்று வருஷமாகக் கதை பேச்சு இல்லை. இடையில் மகள் வதனி பிறந்து பத்து மாதம் ஆகிவிட்டது. அடுத்த மாதம் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் இருத்தித்தான் குத்த வேணும். மாமனோ, போட்ட கடிதம் ஒன்றுக்கும் பதில் போடவில்லை.

"ரீச்சர், பிள்ளையின்ர முகத்தைக் கண்டா அண்ணர் இளகிப்போவார். குடும்பமா ஒரு படம் எடுத்துத் தாங்கோவன்" என்றா அக்கா. கண் கலங்கிவிட்டது அவவுக்கு.

கையில் ஒரே ஒரு படம். அன்று நாலரை பஸ்ஸில் எங்கள் பெரிய வாத்தியார் யாழ்ப்பாணம் போகிறார், றோலை அவரிடம் கொடுத்தனுப்பினால்தான் ஸ்டூடியோவில் கழுவி நேரத்துக்கு வரும்.

மூன்று மணிக்கு முற்றத்தில் நிற்க வைத்தேன். அக்கா கூறைச் சேலை. அண்ணை வெள்ளை வேட்டி. நடுவில், அக்காவின் கையில் வதனி. நான் குனிந்து பார்த்து, பொத்தானை அமத்தப் போக...

"நில்லுங்கோ!" என்று கத்தினா அக்கா. "மூண்டு பேர் நிண்டு படம் எடுக்கப்படாது. நடுவில நிக்கிற ஆளுக்குக் கூடாது. நடுவில பிள்ளையல்லோ!"

"விசர்க்கதை கதையாதையும்" என்றார் அண்ணை.

"ரீச்சரும் வந்து நில்லுங்கோ. நாலாயிடும்."

"நான் நிண்டா ஆர் அமத்துறது அக்கா?"

அக்கம்பக்கம் ஒரு ஆள் இல்லை. எல்லாரும் நெல்லுச் சூடடிக்க வயலுக்குப் போயிருந்தார்கள். வெயிலும் சாயத் தொடங்கியது. பஸ்ஸை நினைக்க எனக்கு அழுகையே வந்தது. அக்கா சுற்றும் முற்றும் பார்த்தா. மாட்டுக்கொட்டிலைப் பார்த்தா.

"கன்றை அவிட்டுக்கொண்டு வாங்கோ."

"மாடும் ஆள் கணக்கோ?" என்றார் அண்ணை.

"வீட்டில பிறந்ததெல்லாம் கணக்குத்தான்."

பிறகென்ன, கன்றும் வந்து வரிசையில் நின்றது. வந்த உடனே வதனியின் காலை நக்க, பிள்ளை வீரிட்டுக் கத்தித் துள்ள, அக்கா குனிந்து தேற்ற... நான் கண்ணை மூடிக்கொண்டு அமத்திவிட்டேன். றோலைச் சுற்றி, நாக்கால் நனைத்து ஒட்டி, பஸ்ஸடிக்கு ஒரே ஓட்டம்.

இரண்டு கிழமையில் படம் வந்தது.

மணியண்ணைக்குக் கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. அக்காவின் கொண்டை மட்டும் தெரிந்தது. வதனி இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு புகை. ஆனால் அந்தக் கன்று... காது விறைக்க, கமராவை நேரே பார்த்தபடி, அச்சொட்டாக விழுந்திருந்தது!

நான் விம்மி விம்மி அழுதேன். அக்கா படத்தைக் கன நேரம் பார்த்தா. "இருக்கிறதை அனுப்புவம் ரீச்சர். வேற என்ன செய்யிறது" என்று கடித உறைக்குள் வைத்து ஒட்டினா.

சரியாகப் பத்தாம் நாள் மத்தியானம். படலையடியில் ஒருவர். தோளில் சால்வை, கையில் பனங்கட்டி நிறைந்த ஓலைக் குட்டான், முகத்தில் கடுகடுப்பு. தமையன்தான். தங்கச்சியை ஏறெடுத்தும் பார்க்காமல் உள்ளே வந்தார்.

"எங்கை என்ர மருமகள்? கன்றுக்குட்டியைக் காட்டி என்னைப் பேய்க்காட்டலாமெண்டு நினைச்சியளோ? பிள்ளை கறுப்போ சிவப்போ, ஆரின்ர சாயல் எண்டு ஒண்டும் தெரியேல்லை. எனக்கு நித்திரை வரேல்லை!"

பிறகு திரும்பி மணியண்ணையை மேலும் கீழும் பார்த்தார். "உமக்குத் தலை இருக்கு. நல்லது."

அக்கா சிரித்தாவா அழுதாவா, எனக்கு இன்றுவரை தெரியாது. காதுகுத்து முடிய, மாமன் மடியிலேயே வதனி நித்திரை. அதை எடுக்க என்னிடம் பிலிம் இல்லை.

படமும் இடப்பெயர்வுகளில் எங்கேயோ போய்விட்டது.

இப்போது வவுனியாவில் இருக்கிறேன். கனடாவில் இருந்து மகள் ஒரு நாளைக்கு இருபது படம் அனுப்புகிறாள். பேத்தியின் கண்ணிமை முடியைக்கூட எண்ணலாம், அவ்வளவு துலக்கம். சந்தோஷம்தான், பொய் சொல்லக்கூடாது.

போன கிழமை கேட்டேன், "இந்த வருஷமாவது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறியளோ?"

"ஏனம்மா, நீங்கள்தான் அவளை ஒவ்வொரு நாளும் பாக்கிறீங்களே!"

"அப்ப இனிமேல் கொஞ்சம் கலங்கலா எடுத்து அனுப்பு பிள்ளை" என்றேன்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.