இடது தோளில் ஒரு துவக்கு

துவக்கு விஷயத்தில் பொலிஸ்காரர்கள் சொல்லும் நொட்டையை மாப்பிள்ளை வீட்டார்கூடக் கலியாணச் சாப்பாட்டுக்குச் சொல்ல மாட்டார்கள். நம்பிக்கை இல்லாவிட்டால் திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய அந்தப் பொலிஸ் நிலையத்தின் ஆயுத அறை வாசலில் காலையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். நுஸ்கிக்கு ஒன்பது மில்லிமீற்றர் பிஸ்டல்தான் வேண்டும். அது இடுப்பில் இருந்தால் தன் தொந்தி யார் கண்ணிலும் படாது என்பது அவன் எண்ணம். ஜீப் சாரதி அர்ஷாக், பிடி மடிக்கக்கூடிய ரி-56 ரைபிள் தவிர வேறொன்றையும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டான். மற்றதெல்லாம் கியருக்கும் காலுக்கும் நடுவில் வந்து இடிக்குமாம். ஆயுத அறைக்குப் பொறுப்பான சார்ஜன்ட் பக்கீருக்கோ பழைய ரிப்பீட்டர் ஒன்றின்மேல் தீராத காதல். கந்தளாயில் வேலை பார்த்த காலத்தில், வயலுக்குள் இறங்கிய யானையை ஆகாயத்துக்கு ஒரு வெடி வைத்துத் திருப்பி அனுப்பிய துவக்கு அது. யானை வயிறு நிறைந்து தானாகவே போயிருக்கும் என்று யாராவது வாய் தவறிச் சொன்னால், அன்றைக்குச் சொன்னவருக்குக் கிடைப்பது அறையிலேயே துருப்பிடித்த துவக்காக இருக்கும்.

கொன்ஸ்டபிள் ஜெயரூபிக்குப் பிடித்தது யாருமே சீண்டாத ஒரு கிழட்டு ரிவோல்வர்.

“வேற துவக்கே இல்லையா, தங்கச்சி?” என்று பக்கீர் கேட்பார்.

“இது மரியாதையான துவக்கு, நானா. சுட்ட ரவையின்ர கோதைக்கூடக் கண்டபடி எறியாமல் தன்ர வயித்துக்குள்ளயே வச்சிருக்கும்” என்பாள்.

உண்மையான காரணம் வேறு. ரிவோல்வரை எந்தக் கையில் பிடித்தாலும் அது கோபிக்காது. ஜெயரூபி பிறவியிலேயே இடக்கைக்காரி. கிளிவெட்டியில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சோற்றுக்கோப்பைக்குள் இடக்கை போனால் தாய் தங்கரத்தினம் அகப்பைக் காம்பால் ஒரு தட்டுத் தட்டுவாள். பள்ளிக்கூடத்தில் அந்த வேலையை டீச்சரின் அடிமட்டம் பார்த்துக்கொண்டது. கோயிலில் திருநீறு வாங்க இடக்கையை நீட்டி ஐயரிடம் வாங்கிய பேச்சு தனி. ஊர் கூடித் தட்டியதில் அவள் வலக்கையால் சாப்பிட்டாள், எழுதினாள், சல்யூட்டும் அடித்தாள். கை மாறிவிட்டது. கண் மட்டும் மாறவில்லை.

ரிவோல்வர் அதைக் கண்டுகொள்ளவில்லை. ரி-56 கண்டுகொண்டது. சுட்ட கோதுகளை அது வலப்பக்கமாகத்தான் வீசும். இடது தோளில் வைத்துச் சுட்டால் சூடான கோது முகத்துக்கு முன்னாலே பறக்கும் என்று பயிற்சி கொடுப்பவர்கள் விடவே மாட்டார்கள். ஆகவே அவள் துவக்கை வலது தோளில் வைத்து, இடது கண்ணால் குறி பார்க்கக் கழுத்தைச் சாய்த்து, கோழி புழுவைப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள். போன வருடமும் அதற்கு முந்திய வருடமும் அவளுடைய சன்னங்கள் இலக்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சுகம் விசாரித்துவிட்டு வந்தன.

இதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஜீப் இருக்கிறது. துறைமுக வீதியில் புறப்பட்டு நிலாவெளி தாண்டி இறக்கக்கண்டிப் பாலம் வரை போய்வரும் ரோந்து ஜீப். அதில் பெண் கொன்ஸ்டபிளுக்கென்று ஓர் இடம் இருந்தது, ஆனால் ரி-56 தேர்வில் தேறியவர்தான் அதில் ஏறலாம். முறைப்பாட்டு மேசையில் இருந்து இருந்து கதிரையும் அவளும் ஒன்றாகிப்போன ஜெயரூபிக்கு அந்த இடத்தின்மேல் கொள்ளை ஆசை. இந்த முறையும் தவறினால் அது மற்றப் பெண் கொன்ஸ்டபிள் நிவேதிகாவுக்கு என்று பொறுப்பதிகாரி சொல்லிவிட்டார்.

லிங்கநகர் வீட்டில் அவள் வீடு கூட்டும் தும்புத்தடியை வலது தோளில் வைத்துப் பழகினாள். கணவன் சிந்துஜன்தான் இலக்கு. அவன் தேத்தண்ணியும் கையுமாக எதிரே இருந்து, “நான் செத்து நெடுநேரம் ஆச்சுது. இனிச் சமைப்பமே?” என்பான்.

தேர்வு நாள் வந்தது. நடத்தியவர் உப பொலிஸ் பரிசோதகர் ரணவீர. குருநாகல்காரர். கண்டிப்பானவர், ஆனால் குத்திக்காட்டிப் பேசத் தெரியாதவர். அடுத்த மாதம் அவருக்கும் ஒரு தேர்வு இருந்தது: தமிழ் வாய்மொழித் தேர்வு. அதனால் பாவம், இன்றைக்கு எல்லாக் கட்டளையும் தமிழிலேயே தருவதென்று முடிவு கட்டியிருந்தார். சிங்களக் கட்டளைகள் எங்கள் ஆட்களுக்கு நித்திரையிலும் பாடம். அவர் அப்படியே சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

“படு!” என்றார். ஜெயரூபி, நுஸ்கி, அர்ஷாக் என்று வரிசையாக மணலில் படுத்தார்கள்.

“ரவைக்கூடு போடு!” போட்டார்கள். உச்சரிப்பு இவ்வளவு சுத்தமாக வருகிறதே என்று நுஸ்கி வாயைப் பிளந்தான்.

அவர் மூச்சை இழுத்து, நெஞ்சை நிமிர்த்தி, “துவக்கு!” என்றார்.

திறப்பு விழா அழைப்பிதழில் வேண்டுமானால் துவக்கு என்றால் ஆரம்பி என்று அர்த்தம் இருக்கலாம். திருகோணமலையில் துவக்கு என்றால் சுடுகிற துவக்கு, அவ்வளவுதான். ஆரம்பிக்கச் சொல்வதென்றால் தொடங்கு என்போம். ஆகவே துவக்கைப் பரிசோதிக்கக் கேட்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஜெயரூபி அப்போதுதான் போட்ட ரவைக்கூட்டைக் கழற்றி உயர்த்திக் காட்டினாள். அர்ஷாக் பிடியில் இருந்த இலக்கத்தை உரக்க வாசித்தான்.

“துவக்கு! துவக்கு!” ரணவீரவின் முகம் சிவந்தது.

“ஓம் சேர், துவக்குத்தான். நல்லாத் துடைச்சது” என்றான் நுஸ்கி.

நேரம் முடிந்து விசில் ஊதியது. ஒரு வெடிகூடத் தீரவில்லை. கட்டளை கிடைத்தும் சுடாதவர் தவறியவர் என்பது விதி. ஜீப் தன்னை விட்டுவிட்டுப் போவது ஜெயரூபியின் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

ஓரமாக நின்ற பக்கீர்தான் ஓடிவந்து சிங்களத்தில் விளக்கினார். ரணவீர நெற்றியில் கை வைத்தார். “சிங்களத்திலயும் இந்த ஆயுதத்துக்குத் துவக்குதானே பேர்! அதாலதான் எனக்கு அந்தச் சொல் லேசாப் பாடம் வந்தது” என்றார். முதலில் அவருக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு சுடுதளமே சிரித்தது.

“பிழை என்னுடையது. திரும்பச் செய்வம்” என்றார்.

எல்லோரும் மறுபடி படுத்தார்கள். ஜெயரூபி மட்டும் எழுந்து நின்றாள். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது.

“சேர், ஒரு கதை. நான் இடது தோளில வச்சுச் சுடட்டே?”

“ஏலாது. கோது முகத்துக்கு வரும்.”

“கண்ணாடி போடுறன். சட்டைக் கையை மணிக்கட்டு வரைக்கும் இறக்கி விடுறன்.” பிறகு சொன்னாள்: “சேர், உங்களுக்குத் தமிழ் எப்படியோ, எனக்கு வலக்கை அப்படி. பாடமாக்கி வச்சிருக்கிறன். அவசரத்துக்கு வருகுதில்லை.”

இதை இவ்வளவு தெளிவாக விளங்கிக்கொள்ள அந்த மைதானத்தில் ரணவீரவைவிடத் தகுந்த ஆள் இல்லை. தன் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். வரிசையின் வலக்கோடியில் தனியாகப் படுக்கச் சொன்னார்.

“இடது தோள்” என்றார். அது கட்டளை.

இவ்வளவு கால வாழ்க்கையில் இடக்கையை எடு என்று ஒருவரும் அவளிடம் சொன்னதில்லை. துவக்கு இடது தோளில் போய்ப் பொருந்தியபோது அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் குறி தெரியாதே என்று அடக்கினாள்.

“தொடங்கு!” என்றார் ரணவீர, ஒவ்வோர் எழுத்தாக.

தொடங்கினாள். கழுத்துக்கு வேலையில்லை. இலக்கு இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு கோது வலது முழங்கையில் பட்டுச் சட்டைக்கு மேலாலேயே சுட்டது. சுட்டால் சுடட்டும் என்று மறுபடியும் விசையை இழுத்தாள்.

இலக்கைப் பார்க்கப் போன பக்கீர் திரும்பி வரும்போது அட்டையை அவிழ்த்து ஆலவட்டம் பிடிப்பதுபோலத் தூக்கிக்கொண்டு வந்தார். ஓட்டைகள் எல்லாம் நடுவில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடந்தன. ரணவீர அதை வாங்கி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார்.

“பாஸ். ஜீப்பில ஏறலாம்” என்றார்.

ஜெயரூபி துவக்கைக் கீழே வைத்துவிட்டு விறைப்பாக நின்று சல்யூட் அடித்தாள். அடித்த பிறகுதான் கண்டாள், நெற்றிக்குப் போயிருந்தது இடக்கை. பொலிஸில் அதற்குத் தண்டனைகூடக் கிடைக்கும்.

ரணவீர பின்னால் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். மேலதிகாரிகள் யாரும் இல்லை. தன் இடக்கையை உயர்த்தி அவளுக்குத் திருப்பி சல்யூட் வைத்தார். அவருக்குப் பழகாத கை என்பதால் விரல்கள் ஒழுங்காகச் சேரவில்லை.