நழுவிக்கொண்டே போன அலைவரிசை

நேற்று கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் ஒருவர் மலைத்தேன் விற்றுக்கொண்டிருந்தார். பாத்திரத்தில் மிதந்த மெழுகின் வாசனை மூக்கில் ஏறியதும், தேன் வாங்கப் போனவன் தேனை மறந்து நின்றுவிட்டேன்.

மலைமேலிருக்கும் கரியாலூரில்தான் எனக்கு முதல் வேலை, குமாஸ்தா. சாயங்காலம் கடைசி பஸ் மலையிறங்கிவிட்டால் பேச ஆள் கிடையாது. அதனால் முறையாக உரிமம் வாங்கி, ஊர்விட்டு ஊர் பேசும் ஹாம் ரேடியோ பெட்டி ஒன்றை நானே செய்துவைத்திருந்தேன். திருநாவலூரில் சைக்கிள் கடை வைத்திருந்த துரைசாமி அண்ணன் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அதில் வருவார்; ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானமும் வருவார். ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அந்த அரைமணி நேரப் பேச்சுக்காகத்தான் பகலெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கும் வந்தது வினை. பேசப் பேசவே என் அலைவரிசை மெல்ல நகர்ந்துவிடும். அவர் தன் பெட்டியின் குமிழைத் திருகித் திருகி என் பின்னாலேயே வருவார்.

"இன்னா சார், நழுவிக்கினே போறீங்க? நிறுத்தாம பேசுங்க, புடிச்சிடறேன்."

சில நாள் பிடிக்க முடியாமல் போகும். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. பேட்டரியை மாற்றினேன், கண்டென்சரை மாற்றினேன், பற்றவைத்த இடமெல்லாம் மறுபடி பற்றவைத்தேன். தலைகீழாக நின்றும் பலனில்லை. கடைசியில் கண்டுபிடித்தது அவர்தான்.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் பேசுனா நிக்குது, பனி எறங்குனா ஓடுது. உள்ள ஈரம் ஏறுது சார். சுருள்ல இன்னா ஊத்துனீங்க?"

அலைவரிசையை நிர்ணயிக்கும் கம்பிச்சுருள் அதிராமலிருக்க அதன்மேல் மெழுகு ஊற்றுவது வழக்கம். பெட்டிக்கடை மெழுகுவத்தியே போதும். நான்தான் மேதாவியாயிற்றே! தேன் எடுப்பவர் கொடுத்த அசல் மலைமெழுகை ஊற்றியிருந்தேன். அதைச் சொன்னேன்.

"நாக்குல வச்சுப் பாருங்க" என்றார்.

இனித்தது. சரியாக அலசாத மெழுகு. அதில் ஒட்டியிருந்த தேன், தினமும் மலைப்பனியைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அண்ணன் சிரித்த சிரிப்பில் ஹெட்போனைக் கழற்றிப் பிடிக்க வேண்டியிருந்தது.

புதுச்சுருள் சுற்றி, மெழுகுவத்தியை உருக்கி ஊற்றினேன். அலைவரிசை ஆணி அடித்தாற்போல் நின்றது.

"இனிமே உங்கள தேடற வேல இல்ல சார்."

சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே என்னவோ போலவும் இருந்தது. ஏனென்று அப்போது புரியவில்லை.

அண்ணன் காலமாகிப் பல வருஷமாகிறது. அவர் கடை இருந்த இடமும் எனக்குத் தெரியாது. கரியாலூரில் இப்போது எல்லார் கையிலும் செல்போன். பெட்டி மட்டும் என்னிடம் இருக்கிறது. நேற்று வீட்டுக்கு வந்ததும், ஆறு மணிக்கு, தூசி தட்டிப் போட்டுப் பார்த்தேன். அலைவரிசை மயிரிழைகூட நகரவில்லை. குமிழைத் திருகிக்கொண்டு என்னைத் தேடி வரத்தான் ஆளில்லை.