கடைசி இருக்கை வரை நடந்தவர்

பள்ளிப் பேருந்து ஓட்டுகிற அவருக்குச் சபையில் வைத்திருந்த பெயர் ‘ஆமென் அண்ணன்’. போதகர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இவருடைய ஆமென் முன்வரிசையிலிருந்து கிளம்பிக் கூரையைத் தொட்டுவிட்டுத் திரும்பும். தூங்கி வழிகிறவர்கள்கூட அந்தச் சத்தத்தில் நிமிர்ந்து உட்கார்வார்கள். கேலியாக வைத்த பெயர்தான். அவர் அதைப் பட்டம் கொடுத்தது போல ஏற்றுக்கொண்டார்.

ஜெபக்கூட்டத்தில் அவர் எழுந்தால், கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்கள் குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொள்வார்கள். சீக்கிரத்தில் முடியாது என்று தெரியும். குரல் நல்ல குரல். வார்த்தைகளும் தட்டுத் தடங்கல் இல்லாமல் வரும். ஆனால் அந்த ஜெபங்களில் ஒரு விசேஷம் உண்டு. “ஆண்டவரே, ஆராதனைக்கு நேரத்தோடு வர மனசில்லாதவங்க இருதயத்தைத் தொடும்” என்று அவர் உருகினால், அன்றைக்குத் தாமதமாக வந்தது யார் என்று கண்ணை மூடியிருக்கிறவர்களுக்கும் தெரிந்துவிடும்.

பெரும்பாலும் அது அவருடைய தம்பிதான். சபையில் கீபோர்டு வாசிக்கிறவன். ஆரம்ப ஜெபம் முடிந்து பாட்டு தொடங்கும் நேரத்துக்குச் சரியாக, சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டே உள்ளே வருவான்.

இந்தத் தம்பி ஒருநாள் ஒரு வார்த்தை சொன்னான். அண்ணனுடைய திருமண நாளுக்காக வீட்டில் நாலு பேரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டிருந்தார்கள். சாப்பிடுவதற்கு முன் அண்ணன் ஜெபித்தார். குழம்பு ஆறி ஏடு கட்டியது. ஆமென் சொன்னதும் தம்பி தட்டை இழுத்துக்கொண்டு, “எங்க அண்ணன் பண்றது ஜெபமே இல்லைங்க. நம்ம எல்லாரைப் பத்தியும் கடவுள்கிட்ட கோள் சொல்றாரு” என்றான்.

வீடே சிரித்தது. மனைவிகூட வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அவரும் சிரித்து வைத்தார். சிரிப்பு முகத்தில் இருந்தது. உள்ளே என்னவோ முள் மாதிரி ஏறிவிட்டது.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு புது வேலை. தம்பிக்குப் பதில் தயாரிப்பது. பல் துலக்கும்போது ஒரு பதில் கிடைக்கும். சிவப்பு விளக்கில் வண்டி நிற்கும்போது அதைவிட நல்லதாக இன்னொன்று கிடைக்கும். கற்பனையில் அதே சாப்பாட்டு மேசை, அதே ஆட்கள். இவர் ஒரு வார்த்தை சொல்கிறார். தம்பி முகம் வாடுகிறது. எல்லாரும் இவர் பக்கம் சிரிக்கிறார்கள். இந்தக் காட்சியை எத்தனை முறை ஓட்டினாலும் சலிக்கவில்லை. கடைசியில் ஒரு பதில் வைரம் மாதிரி அமைந்தது: ‘நீ கீபோர்டுல தப்பா வாசிக்கிறது யாருக்கும் கேட்கக் கூடாதுன்னுதான்டா நான் அவ்வளவு சத்தமா ஆமென் சொல்றேன்.’

வேலையில் அவரைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. எந்தக் குழந்தைக்கு ஜன்னலோரம் இல்லாவிட்டால் குமட்டும், எந்தக் குழந்தை பெல்ட்டைப் போட்ட மாதிரி நடிக்கும் என்பதெல்லாம் அத்துபடி. குழந்தைகளைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு வண்டியைப் பணிமனைக்குக் கொண்டுவந்ததும் ஒரு நடைமுறை இருக்கிறது. இயந்திரத்தை நிறுத்தினால் ஒரு மணி அலறத் தொடங்கும். அதை நிறுத்தும் பொத்தான் வண்டியின் கடைசியில், பின்கதவுக்கு மேலே இருக்கிறது. ஓட்டுநர் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே கடைசி வரை நடந்துபோய் அதை அழுத்த வேண்டும். எந்தக் குழந்தையும் தூங்கிப்போய் உள்ளேயே தங்கிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு.

அந்த மேகமூட்டமான காலையிலும் அவர் நடந்தார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், பொத்தானை அழுத்தினார், இறங்கி ஓய்வறைக்குப் போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டார்.

பாதி தேநீர்கூடக் குடித்திருக்க மாட்டார். வண்டி கழுவுகிற பெண் வாசலில் வந்து நின்றாள். அவளுடைய ஒரு கையில் ஈரத் துடைப்பம். மறுகையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண். பாலர் வகுப்பு. ஒரு காலில் மட்டும் ஷூ.

“அண்ணே, இந்தப் பாப்பா உங்க வண்டியிலதான் இருந்துச்சு” என்றாள் அந்தப் பெண்.

அவர் தேநீரை அப்படியே வைத்தார். குழந்தை முன்னால் மண்டியிட்டார். “எங்கடா தங்கம் இருந்த? சீட்டுக்குக் கீழ தூங்கிட்டியா?”

குழந்தை தலையாட்டி மறுத்தது. அழவில்லை. கொஞ்சம் கோபமாக இருந்தது, அவ்வளவுதான். “நான் சீட்லதான் படுத்திருந்தேன். நீங்க வந்தீங்க. என்னைப் பாத்தீங்க. பேசிக்கிட்டே போயிட்டீங்க.”

“யார்கிட்டடா பேசினேன்?”

“யாரும் இல்ல. நீங்களே பேசிட்டுச் சிரிச்சீங்க.”

அது உண்மை. அந்த நடையில் அவர் வண்டியில் இல்லை. சாப்பாட்டு மேசையில் இருந்தார். வைரம் போன்ற அந்தப் பதிலைத் தம்பி முகத்துக்கு நேரே சொல்லி முடித்து, ஜனங்களின் சிரிப்பை வாங்கிக்கொண்டிருந்தார். நீலச் சீருடை கண்ணில் பட்டது இப்போது நினைவுக்கு வந்தது. கண் பார்த்தது. பார்த்ததை வாங்கிக்கொள்ள உள்ளே ஆள் இல்லை.

வெயில் அடிக்காத நாள். துடைப்பத்தோடு ஒருத்தி உடனே ஏறிய வண்டி. இந்த இரண்டில் ஒன்று தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தார்.

விசாரணை மறுநாள். மேற்பார்வையாளர் நல்ல மனுஷர். இவர் மேல் மரியாதை உள்ளவர். குழந்தையின் அம்மா எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, இவருக்கு வழி அமைத்துக் கொடுக்கப் பார்த்தார். “குழந்தை சீட்டுக்கு அடியில சுருண்டு படுத்திருக்கும். இவர் மாதிரி ஆளு கண்ணுக்கே தெரியலைன்னா...”

“இல்லைங்க சார்” என்றார் இவர். “சீட்டு மேலதான் இருந்துச்சு. என் கண்ணு பாப்பா மேல பட்டுச்சு. நான்தான் அங்க இல்ல.”

“அங்க இல்லன்னா? அப்ப பொத்தானை யாரு அழுத்தினது?”

“நடந்துபோய் அழுத்தினது நான்தான் சார். நெனப்பு வேற எங்கேயோ இருந்துச்சு. என் தம்பியோட மனசுக்குள்ளேயே சண்டை போட்டுக்கிட்டிருந்தேன்.”

குழந்தையின் அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “உண்மையைச் சொல்லிட்டீங்கன்னு நான் உங்களுக்கு நன்றி சொல்லணுமா?”

“வேண்டாம்மா.”

“என் பொண்ணை இனிமே நானே கொண்டுபோய் விட்டுக்கறேன்” என்று எழுந்து போனாள். அவர் மன்னிப்புக் கேட்டது அவள் முதுகுக்குத்தான் கேட்டிருக்கும்.

வேலையிலிருந்து சில வாரங்கள் நிறுத்தி வைத்தார்கள். பகலில் வீட்டில் இருந்து பழக்கமில்லாத மனுஷர். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற மனைவி கிளம்பிப் போனதும் வீடு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. முதல் நாள் படுக்கையறையில் முழங்காலிட்டார். “இரக்கமுள்ள தகப்பனே” என்று தொடங்கியதும் வார்த்தைகள் வழக்கம்போல வரிசை கட்டி வந்தன. கடவுள் தன்னை நொறுக்கிய விதம், தாழ்த்திய விதம், கண்ணீர், எல்லாம் அழகழகாக வந்தன. நடுவில் திடுக்கென்று ஒன்று உறைத்தது. இதை அவர் சபையில் சாட்சியாகச் சொல்வதற்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்பது வரை முடிவாகியிருந்தது. ஆளில்லாத அறையிலும் அவருக்கு ஜனக்கூட்டம் தேவைப்பட்டது.

வாயை மூடிக்கொண்டார். அப்படியே உட்கார்ந்திருந்தார். ஏதேன் தோட்டத்தில் மரத்துக்குப் பின்னால் ஒளிந்த முதல் மனிதனைப் பார்த்து ஆண்டவர் எங்கே இருக்கிறாய் என்று கேட்டதைச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறார். அதைப் பற்றிப் பிரசங்கமும் செய்திருக்கிறார். தன்னிடம் அந்தக் கேள்வி வந்ததாக ஒருநாளும் தோன்றியதில்லை.

அன்று மாலை மனைவி பூண்டு உரிக்கக் கொடுத்தாள். உரிக்க உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில், “என்னங்க, தோலைக் கிண்ணத்துல போட்டுப் பூண்டைக் குப்பையில போடறீங்க!” என்று அவள் சத்தம் போட்டாள். அவர் குப்பைக்கூடையைக் கிளறிக்கொண்டே, “இந்தப் பூண்டு முடியற வரைக்குமாவது இங்கேயே இருக்க முடியுதான்னு பாக்கறேன்” என்றார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

முடியவில்லை. இரண்டு பல் உரிப்பதற்குள் மனசு வெளியேறிவிடும். இழுத்து வருவார், மறுபடி போகும். ஆனால் இழுக்கப் போகும்போதெல்லாம் அது எங்கே நிற்கிறது என்று பார்க்கக் கிடைத்தது. பெரும்பாலும் தம்பி பக்கத்தில்தான் நின்றது. கோபம் என்று நினைத்துக் கிட்டே போனால், கோபத்துக்குப் பின்னால் வேறொன்று உட்கார்ந்திருந்தது. தம்பி பத்து விரலாலும் வாசிப்பான், வரைவான், நாலு பேரைச் சிரிக்க வைப்பான். அப்பா அவனைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தவர். இவருக்கு இருந்தது அந்தக் குரல் ஒன்றுதான். அதையும் கேலி செய்துவிட்டால் தன்னிடம் என்ன மிஞ்சும் என்ற பயம். ஐம்பதைத் தாண்டிய ஆளுக்குள் இப்படி ஒரு பயம் இத்தனை காலம் கஞ்சி குடித்து வளர்ந்திருக்கிறது என்பது அவருக்கே வெட்கமாக இருந்தது.

“நீயும் அன்னிக்குச் சிரிச்சியே” என்றார் மனைவியிடம்.

அவள் மழுப்பவில்லை. “சிரிச்சேங்க. நீங்க ஜெபத்துல என் சமையலைப் பத்திக்கூட ஒரு தடவை சொல்லியிருக்கீங்க. ‘சிக்கனத்தோட குடும்பம் நடத்த ஞானம் தாரும்’னு. நான் உங்க பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தேன்.”

அவர் கையிலிருந்த பூண்டுப் பல்லைக் கிண்ணத்தில் போட்டார். பிறகு, “அதை என்கிட்ட அப்பவே சொல்லியிருக்கலாம்ல?” என்றார்.

“நீங்க கடவுள்கிட்டல்ல பேசிக்கிட்டிருந்தீங்க. நடுவுல எப்படிப் புகுறது?”

ஞாயிறு மதியம் தம்பி வீட்டுக்குப் போனார். தம்பி மேசையில் கீபோர்டைப் பிரித்துப் போட்டுத் தூரிகையால் தூசி தட்டிக்கொண்டிருந்தான். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“நீ சொன்னது சரிடா” என்றார் அண்ணன்.

“எதுண்ணே?”

“கோள் சொல்றேன்னு சொன்னியே.”

“ஐயோ, அது சும்மா விளையாட்டுக்குண்ணே. இதையெல்லாம் மனசுல வெச்சுக்கிட்டு...”

“மனசுல வெச்சுக்கிட்டேன். நல்லாவே வெச்சுக்கிட்டேன். உனக்குப் பதில்கூடத் தயார் பண்ணினேன்” என்று அந்தப் பதிலையும் சொன்னார்.

தம்பிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேசையில் அடித்துச் சிரித்தான். “பிரமாதம்ணே! இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் காலி.”

“இதைச் சொல்லிக்கிட்டேதான் அந்தப் பாப்பாவைத் தாண்டிப் போனேன்.”

சிரிப்பு பாதியில் நின்றது. தம்பி கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தான். இருவருக்கும் நடுவில் கழற்றிய கட்டைகள் கறுப்பும் வெள்ளையுமாகக் கிடந்தன. தம்பி, “எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கக் கூடாதுண்ணே. தனியா சொல்லியிருக்கணும்” என்றான். அண்ணன் தலையசைத்தார். தம்பி ஒவ்வொரு கட்டையாக எடுத்துக் கொடுக்கச் சொன்னான். அண்ணன் எடுத்துக் கொடுத்தார். வரிசை தப்பித் தப்பிக் கொடுத்துத் திட்டும் வாங்கினார்.

ஜெபக்கூட்டத்தில் போதகர் அவரை அழைத்தபோது எழுந்து நின்றார். பெண்கள் பழக்கத்தில் குழந்தைகளைத் தோள் மாற்றினார்கள். அவர் பேசவில்லை. மின்விசிறிச் சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். பிறகு, “ஆண்டவரே, நான் இங்க இருக்கேன். இருக்கறதுக்கு உதவி செய்யும்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். ஆமென் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. ஜெபம் முடிந்ததா, அண்ணனுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா என்று பின்வரிசையில் கிசுகிசுத்தார்கள். இரண்டு பேர் கூட்டம் முடிந்ததும் வந்து இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

வேலைக்குத் திரும்பியபோது வேறு தடம் கொடுத்திருந்தார்கள். இப்போது பணிமனையில் வண்டியை நிறுத்தி மணி அலறத் தொடங்கியதும் அவர் உடனே எழுவதில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்தபடி ஒரு மூச்சு விடுவார். பிறகு ஒவ்வொரு இருக்கையின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே போவார். சில இருக்கைகள் இன்னும் குழந்தையின் சூட்டோடு இருக்கும். அந்தக் குழந்தையின் பெயரைச் சொல்லி ஒரு வார்த்தை ஜெபித்துவிட்டு அடுத்ததற்குப் போவார். யாரைப் பற்றியும் புகார் சொல்லத் தோன்றாத ஜெபம் அது.

சில நாள் பாதி வழியில் மனசு நழுவிவிடும். யாரோ நேற்றுச் சொன்னது, நாளைக்குச் சொல்ல வேண்டியது என்று எங்கோ போய்விடும். தெரிந்ததும் நின்றுவிடுவார். திரும்பி ஓட்டுநர் இருக்கைக்கே வந்து, மறுபடி முதல் இருக்கையிலிருந்து தொடங்குவார். மணி அலறிக்கொண்டே இருக்கும். வண்டி கழுவ வாளியோடு கீழே காத்திருக்கிற பெண், “அண்ணே, காது போகுதுண்ணே, சீக்கிரம்!” என்று கத்துவாள்.

“ஒரு நிமிஷம்மா” என்று உள்ளேயிருந்து குரல் வரும். அவளும் வாளியைக் கீழே வைத்துவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு காத்திருப்பாள்.