வடகத்துக்குக் காவல் வைத்த குடுவைச் செடி

நான் ஒரு மடையன். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. ஈ பிடிக்கிற செடிக்கு மீன் குடலை ஊட்டி, ஊரிலுள்ள ஈயையெல்லாம் வீட்டுக்கு வரவழைத்தவனை வேறு என்ன சொல்வது?

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்த காலம். பிரவுசிங் சென்டரில் பூச்சி தின்னும் செடிகளைப் பார்த்துக் கிறுக்குப் பிடித்து, பெங்களூரு போன நண்பர் மூலம் மூன்று குடுவைச் செடிகளை வாங்கினேன். இலையே குடுவை மாதிரி இருக்கும், உள்ளே விழும் ஈயைச் செரித்துவிடும். விரிசல் விட்டதென்று கம்பெனியில் கழித்துப்போட்ட வாஷ்பேசினின் ஓட்டையை அடைத்து, தென்னைநார்த் தூளும் மணலும் கொட்டிச் சேறாக்கி, மொட்டைமாடியில் நட்டேன். போர் தண்ணீர் உப்பு, செடிக்கு ஆகாதாம். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரை வாங்கி ஊற்றினேன். உப்புத் தண்ணீரை நாங்கள் குடித்தோம்.

சித்திரையில் மனைவி அதே மாடியில் வடகம் போட்டாள். ஐந்து கிலோ சின்ன வெங்காயம், உரிக்கவே இரண்டு நாள். எங்களுக்கும் சென்னையிலிருந்த மகளுக்கும் வருஷம் முழுக்கத் தாளிக்க அதுதான். மூன்றாம் நாள் கருவேப்பிலங்குறிச்சியில் அவள் அம்மா வீட்டு விசேஷம்.

“வெயில் எறங்குனா எடுத்து வைங்க. வெள்ளத்துணி போட்டு மூடுங்க, ஈ மொய்க்கும்.”

“துணி எதுக்கு? அதான் செடி இருக்குதே. நீ போயிட்டு வா.”

அவள் தெருமுனை தாண்டியதும் வாஷ்பேசினை வடகத் தட்டருகே நகர்த்தினேன். சாயங்காலம் எட்டிப் பார்த்தால் குடுவைக்கு ஓர் எறும்புதான். பாவம், பசியில் தெம்பில்லை போலிருக்கிறது என்று மார்க்கெட்டில் மீன் குடல் கேட்டு வாங்கிவந்து, ஒவ்வொரு குடுவையிலும் கழுத்துவரை திணித்தேன். வடகத்தை எடுத்து வைக்கவும் மறந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் தலையை நீட்டினார். “என்னண்ணே, மாடியில பெருச்சாளி செத்துக் கெடக்குதா?”

ஏறிப் பார்த்தேன். குடுவைகள் கறுத்து, அழுகி, வாய் பிளந்து கிடந்தன. உள்ளேயிருந்து பழுப்புக் கஞ்சி ஒழுகியது. ஒன்றைத் தூக்கியதும் அது பிசுக்கென்று உடைந்து முழங்கைவரை வழிந்தது. நாற்றம் மூக்கோடு நிற்கவில்லை, நாக்கில் ஒட்டியது. ஓங்கரித்தபடி திரும்பினால் தட்டே தெரியாமல் ஈ. விரட்டிவிட்டு ஓர் உருண்டையை எடுத்தேன். அது உள்ளங்கையில் நெளிந்தது. பிட்டேன். வெள்ளை வெள்ளையாகப் புழு. அதற்குமேல் எழுதினால் எனக்கே சோறு இறங்காது.

அந்த நேரம் பார்த்து மனைவி பையோடு மாடியேறி வந்தாள். தட்டைப் பார்த்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“எல்லாம் கெட்டுடல,” என்றேன். “மேலாகத்தான் புழு. உதறிட்டு நாலு வெயில் காட்டினா, தாளிக்கலாம்.”

“ராத்திரிக்கு ஒங்களுக்குத் தாளிச்சி வெக்கிறேன்.”