தலை தட்டாத கொத்து

ஏறாவூரின் கடைசி வீட்டைத் தாண்டும்போதே வெயில் இடது கன்னத்தில் ஏறிவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. செங்கலடிக்கு மேற்கே ஒரு வயல் வட்டையில் ஏழு மாதம் வேலை செய்தேன். வயல் சொந்தக்காரரான போடியாரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். ஆனால் அவர் பதில் சொல்லும் வரை நிற்கவில்லை. எந்த இடத்தை விட்டுப் போகும்போதும் நான் அப்படித்தான். பதில் கேட்டால் நிற்க வேண்டி வரும்.

இந்த முறை கிளம்பியதற்குக் காரணம் கால். போன போகத்தில் விரல் இடுக்குகளில் வந்த சேற்றுப்புண், நெல் சூடடித்த காலத்தில் களத்து மண்ணில் காய்ந்திருந்தது. வாய்க்காலைத் திறந்துவிட்டார்கள். ஒரே வாரத்தில் அது மறுபடி வாயைப் பிளந்தது. மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினேன். எனக்கு முன் அந்த வாடிக் குடிசையில் படுத்திருந்தவன் இரண்டு விரல்களை இழந்து ஊருக்குப் போனவன். அவனுடைய பாய் இன்னும் அங்கேதான் கிடந்தது. அதன்மேல்தான் நான் படுத்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்கும் இந்தக் கணக்கு விளங்கும். ஈரமில்லாத தரையில், கூரைக்குக் கீழே, எனக்கு ஒரு வேலை வேண்டும். பட்டினத்தில் அன்று சனிக்கிழமைச் சந்தை. அன்றைக்குக் கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை மறுபடி சேறுதான். வேறு எங்கும் எனக்குச் சோறு இல்லை.

பின்னால் வந்த மாட்டு வண்டி என் பக்கத்தில் நின்றது. வண்டிக்காரர் கத்தரிக்காய் ஏற்றியிருந்தார்.

"என்னகா, முட்டைக்கு மேல நடக்கிறாப்போல நடக்கிறாய்?"

"சேத்துப்புண் அண்ணே."

"ஏறு. கத்தரிக்காய்க்கு மேல குந்தாத. நசிஞ்சா உன்னத்தான் விக்க வேணும்."

"என்ன ஆரு வாங்குவா?"

"அதத்தான் நானும் யோசிக்கிறன். கத்தரிக்காயெண்டாலும் அழுகாமக் கிடக்கு."

ஏறினேன். மாடு நான்கு அடி வைக்கும், நிற்கும், வாலை ஆட்டும், யோசிக்கும். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பட்டினம் தெரிந்ததும் புண்காலோடு குதித்து இறங்கி, வண்டியை முந்திக்கொண்டு பாலத்தில் நடந்தேன். "நான் திரும்பி வாற வழியில வயலுக்குப் பசளையாக் கிடப்பாய்!" என்று வண்டிக்காரர் பின்னாலிருந்து கத்தினார்.

புளியந்தீவுச் சந்தைக்குப் பாதிப் பேர் வாவி வழியாகத்தான் வந்துகொண்டிருந்தார்கள். தோணிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. பன்பாய்க் கட்டு, சுண்ணாம்புக் கூடை, நண்டு, காய்ந்த மிளகாய், காவுதடியின் இரு நுனியிலும் ஆடும் தயிர்ச் சட்டிகள். தயிர் விற்றவர் ஒரு சட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்து, "விழுந்தா எடுத்துத் தின்னு, விழாட்டி வாங்கு!" என்று கூவினார். விழவில்லை. நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வேலை தேட வந்தவன் முதலில் வேலை கேட்டிருக்க வேண்டும். நான் சந்தையை மூன்று சுற்றுச் சுற்றினேன். ஓர் இடத்தில் நின்றால் அடுத்த இடத்தில் எதையோ தவறவிடுகிறேன் என்று ஓர் அரிப்பு. மீன் பக்கம் போனால் துணிப் பக்கம் சத்தம் கேட்கும். துணிப் பக்கம் வந்தால் பானைக்காரியின் சண்டை கேட்கும். வெயில் உச்சிக்கு வருமுன் கால் எரியத் தொடங்கியது. அப்போதுதான் கடைத்தெருப் பக்கம் திரும்பினேன்.

அங்கே ஒரு வரிசைக் கடைகள். முன்னால் நீளமான விறாந்தை, அதைத் தாங்கும் பருத்த தூண்கள். ஒல்லாந்தர் காலத்தவை என்றார்கள். காரை உதிர்ந்து, உள்ளே இருந்த கல் பல்லைக் காட்டியது. நான் தூணைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தேன். சதுரக் கல் பாவிய தரை. காலை வைத்ததும் குளிர் புண்ணுக்குள் இறங்கியது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக நடந்தேன், பிறகு திரும்பி வந்தேன். இந்தத் தரையில் நாள் முழுக்க நிற்பதற்கு எவனோ சோறு போடுகிறான் என்ற எண்ணமே எனக்குப் புதிதாக இருந்தது.

கண்ணாடி அலுமாரிகளில் லாம்புச் சிமினி, குடை, பிஸ்கட் தகரம், பூப்போட்ட எனாமல் கோப்பை. ஒரு சோடித் தோல் சப்பாத்து தனியாக ஒரு தட்டில் இருந்தது. அதற்கு மட்டும் ஒரு தட்டு. பெயர்ப்பலகைகளை எழுத்துக் கூட்டி வாசித்து முடிப்பதற்குள் கடைக்காரர்கள் "என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டார்கள். முதல் கடையில் இங்கிலீசு தெரியுமா என்றார்கள். அடுத்த கடையில் என்னைத் தெரிந்தவர் பட்டினத்தில் ஆர் என்றார்கள். தெரு முனையில் புதிதாக எழும்பிய மேல்மாடிக் கடையில், கோட்டுப் போட்ட ஒருவர் என்னைப் படியிலேயே நிறுத்தினார். துணிக்கடைக்காரர் மட்டும் நேராகச் சொன்னார்.

"வேலை இருக்கு. ஆனா உன்ட காலைப் பார். ஈ மொய்க்குது. உன்னோட வந்த ஈ என்ட வெள்ளைத் துணியில குந்தும்."

அதில் பிழை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஈ மொய்க்கத்தான் செய்தது.

மறுபடி சந்தைக்குள் வந்தேன். தகரக் கொட்டகைக்குக் கீழே ஓர் அரிசி வியாபாரி ஒரு கையால் அளந்து, மறு கையால் சில்லறை கொடுத்து, வாயால் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய அளப்புக்காரன் அன்று வரவில்லை. கேட்காமலே உள்ளே போய்ச் சாக்குக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"அளக்கத் தெரியுமா?"

"போன மாசம் முழுக்கக் களத்தில அளந்தவன் முதலாளி."

"அப்ப பிடி. சந்தை முடியும் மட்டும் அள. சரியா இருந்தா நாளையில இருந்து கடையில நில்லு. படுக்கையும் கடையிலதான்."

ஒரு கொத்து அரிசி பிடிக்கும் தகரப் பேணியை என் கையில் தந்துவிட்டு அவர் சில்லறைப் பக்கம் திரும்பினார். கொட்டகைத் தரை சீமெந்து. காய்ந்த தரை. நான் நன்றாகக் குந்திக்கொண்டேன்.

களத்தில் நெல் அளக்கும் முறை வேறு. அங்கே மரைக்காலின் வாயை யாரும் கையால் வழிக்க மாட்டார்கள். பொலியின், அதாவது நிறைந்து கிடக்கும் விளைச்சலின், தலையில் கை வைப்பது போல அது. நெல்லை வாரிப் போட்டு, அது தானாகச் சரிந்து, இனி நிற்காது என்று சொல்லும் வரை குவிக்க வேண்டும். குவியல்தான் அளவு. ஒரு மாதம் முழுக்க என் கை அதைத்தான் செய்தது. இப்போதும் அதையே செய்தது.

முதலில் வாங்கிய பெண் தன் ஓலைக் கடகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், கடகத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு விரைந்து போனாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய தங்கையும் அயல்வீட்டுக்காரிகளும் வந்து நின்றார்கள். பக்கத்து இரண்டு அரிசிக்கடைகளிலும் ஆள் குறைந்தது. எங்கள் முன்னால் ஒரே நெரிசல்.

"தம்பி, உன்ட கையாலதான் வேணும். அவருட கையால வேணா."

"இந்தப் புள்ள அளந்தா ஒரு கொத்தில ரெண்டு வீடு தின்னும் அக்கா!"

முதலாளிக்கு வாயெல்லாம் பல். "உன்ட முகத்தில ஒரு ராசி கிடக்குகா," என்று ஒரு வெற்றிலைச் சுருளை என் பக்கம் நீட்டினார். வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். படுக்கப்போகும் கடைக்குள் சாக்குகளை எப்படி அடுக்குவது என்றுகூட யோசித்தேன்.

பக்கத்துக் கடைக்காரர்தான் கெடுத்தார்.

"என்ன முதலாளி, மகளுக்குக் கலியாணமா? ஊருக்கெல்லாம் அள்ளிக் குடுக்கிறீங்க?"

முதலாளி திரும்பிப் பார்த்தார். என் கையில் ஒரு கொத்து, வெள்ளையாகக் குவிந்து, உச்சியிலிருந்து மணிகள் உதிர்ந்துகொண்டிருந்தன.

"நில்லு, நில்லு. இதென்ன?"

"கொத்து முதலாளி."

"இது கொத்தா? கோயில் கோபுரம்! பேணியின்ட வாயை வழிக்கத் தடி வைச்சனே, அதெங்க?"

சாக்குக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தடி கிடந்தது. கை பட்டுப் பட்டு வழுவழுப்பாக இருந்தது.

"கோழி விரட்ட எண்டு நினைச்சன்."

"ஓம் முதலாளி, ரெண்டு தரம் விரட்டினவன்," என்று முன்னால் நின்ற பெண் சாட்சி சொன்னாள். கொட்டகையே சிரித்தது. முதலாளியும் சிரித்துவிட்டார். பிறகு மூன்று வெறும் சாக்குகளையும் சில்லறைப் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

ஆனாலும் அவர் என்னைத் துரத்தவில்லை. எதிரில் இன்னும் ஆட்கள் நின்றார்கள். "தடியைப் பிடி. பேணி வாயோட தடியை வைச்சு ஒரே இழுவை. தலை தட்டி அள," என்றார். இழுத்தேன். குவிந்திருந்த அரிசி சாக்குக்குள் திரும்பி விழுந்தது. ஒருவனுடைய இலையிலிருந்து எடுப்பது போல இருந்தது. ஆனால் எடுத்தேன். எனக்கு அந்தத் தரை வேண்டியிருந்தது. ஐந்து கொத்து, ஆறு கொத்து சரியாகத் தட்டினேன்.

"என்ன தம்பி, இப்ப கை சுருங்கிப் போச்சா?" என்றாள் ஒருத்தி. ஆட்கள் கலைந்தார்கள். ஒரு கிழவர் மட்டும் நின்று, எந்த வட்டையில் வேலை செய்தாய், அங்கே இந்த முறை விளைச்சல் எப்படி என்று கேட்டார். சொல்லிக்கொண்டே அளந்தேன். சொல்லி முடித்துக் குனிந்து பார்த்தால் பேணியில் மறுபடி கோபுரம் நிற்கிறது. தடி என் மடியில் கிடக்கிறது.

இதை நான் தருமம் என்று சொல்லவில்லை. அந்த அரிசி என்னுடையதுமல்ல. கை பழகியிருந்தது, அவ்வளவுதான்.

முதலாளி பேணியை மெதுவாக என் கையிலிருந்து வாங்கினார். "நீ கள்ளனெண்டா வைச்சிருப்பன்கா. கள்ளனைத் திருத்தலாம். உன்ன என்ன செய்யிற?" என்றார். தேத்தண்ணிக்கடையில் எனக்கு ஒரு பணிஸ் கொடுக்கச் சொல்லிவிட்டு, மிச்ச அரிசியைத் தானே அளக்கக் குந்தினார்.

பணிஸைத் தின்றுகொண்டு மறுபடி தூண் விறாந்தைக்குப் போனேன். அங்கே படியில் ஒரு மெலிந்த மனிதர், தலையில் தொப்பியும் பக்கத்தில் பெரிய துணிமூட்டையுமாக உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார்.

"கோபுரம் கட்டின ஆள் நீதானே? நானும் ரெண்டு கொத்து வாங்கினன். வீட்ட போய்ச் சொன்னா பொஞ்சாதி நம்ப மாட்டா. வேலை போச்சா?"

"போச்சு காக்கா." தொப்பி போட்ட அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"நான் காத்தான்குடி. தறியில நெய்த இடுப்புச் சாரனை ஊர் ஊராக் கொண்டுபோய் விக்கிறன். மூட்டை சுமந்தவன் கலியாணம் முடிச்சுப் பொண்டாட்டி ஊரோட போயிட்டான். வாறியா?"

"உங்கட கடை எங்க?"

மூட்டையைத் தட்டினார். "இந்தா. கதவும் இல்ல, பூட்டும் இல்ல."

எனக்கு உடனே கால் ஞாபகம் வந்தது. "வயல் வழியாவா போற?"

"வயலா? இல்ல, கடற்கரை மணல். கதிரவெளி வரைக்கும் மணல்தான். வயல்காரன் அறுவடைக்குத்தான் சாரன் வாங்குவான், மீன்காரன் மீன் பட்ட நாளெல்லாம் வாங்குவான்."

"அளக்கிற வேலை?"

"அல்லாஹ் காப்பாத்த வேணும்! அளக்கிறது நான். நீ சுமந்தாக் காணும். வாறதெண்டா விடியத் தறித் தெருவுக்கு வா. வராட்டி வேற ஆளைப் பார்ப்பன்."

ஓம் என்று உடனே சொல்லவில்லை. எனக்குக் கூரை வேண்டியிருந்தது, அவர் தெருவைக் காட்டினார். அவர் போனபிறகு விறாந்தையின் முனையிலிருந்து முனைக்கு மறுபடி போய், விட்டுப்போன இரண்டு கடைகளிலும் கேட்டேன். ஒன்றில் ஆள் இருந்தது. மற்றதில் பலகைக் கதவை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே, "போயிட்டு வா," என்றார்கள். எங்கே போய் எப்போது வருவது என்று சொல்லவில்லை. சந்தைக் கொட்டகையில் சாக்குகளுக்கிடையில் படுத்தேன்.

விடியக் கல்லடிப் பாலத்தைக் கடந்து, நாவற்குடா வழியாக நடந்தேன். இடது கால் தரையில் வைக்க முடியாமல் இருந்தது. காத்தான்குடியில் தறித் தெருவைத் தேட வேண்டியிருக்கவில்லை. டக்டக் என்ற சத்தம் சந்து முனையிலேயே கேட்டது. அந்த மனிதர் ஒரு தறி வாசலில் குந்தி, சாரன்களை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. என் காலைப் பார்த்தார்.

"காலை நீட்டு."

உள்ளே நெய்துகொண்டிருந்தவரிடம் ஒரு பிடி அறுந்த நூல் வாங்கி, சின்னச் சின்னதாக உருட்டி, என் விரல்களுக்கிடையில் ஒவ்வொன்றாகச் செருகினார். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் அகன்று நின்றன. "நனைஞ்சா எடுத்துப் போட்டு வேற வை. நூல் நிறையக் கிடக்கு," என்றார்.

பிறகு மூட்டையின் ஒரு பக்கத்தை அவர் தூக்கினார், மறு பக்கத்தை நான் தூக்கினேன். அது என் தலைக்கு வந்தது. நெல்மூட்டையை விடப் பாரம் குறைவு, ஆனால் அகலம் கூட. சந்துக்குள் திரும்ப முடியாமல் பக்கவாட்டில் நடந்து வெளியே வந்தேன். அவர் கெஜக்கோலைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் போனார். நான் பின்னால் போனேன்.